மூன்று மணிக்கு விழித்திருக்கும் ஊர்

நெடுந்தூர விமானத்தில் வந்து இறங்கியவருக்குத் தூக்கம் கெடுவதை எல்லோரும் ஒரு குறையாகவே பேசுகிறார்கள். எனக்கு அது ஒரு கதவைத் திறந்துவிட்டது. குளிர்காலத்தில் சான்பிரான்சிஸ்கோவுக்கும் சென்னைக்கும் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். மூளைக்குள், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசிமணியிலும் சிறிய நரம்பணுக் கொத்து ஒன்று உட்கார்ந்துகொண்டு உடம்பின் பகலையும் இரவையும் வகுக்கிறது. விமானத்தின் வேகம் அதற்குப் புரியாது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் அது தன்னை நகர்த்திக்கொள்ளும். அதற்கும் வெளிச்சத்தின் உதவி வேண்டும். அதுவரை மாலை மயங்கியதுமே கண் செருகும், நடு இரவு தாண்டியதும் முழு விழிப்பு வந்துவிடும். பெசன்ட் நகரில் உறவினர் ஒருவரின் வீட்டில் தனியாகத் தங்கியிருந்தேன். விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

தை மாதக் கடைசி. வாடையின் குளிர் இன்னும் முழுதாக விலகவில்லை. அடுக்ககங்களின் வாசலில் காவலர்கள் துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார்கள். மாலை வேளைகளில் கார்களும் பஜ்ஜிக் கடைகளுமாக அடைத்துக் கிடக்கும் எலியட்ஸ் கடற்கரைச் சாலையின் நடுவில் நாய்கள் படுத்திருந்தன. மணலில் தனித்து நிற்கும் வெள்ளை வளைவு ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930 டிசம்பர் 30 அன்று, மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றக் கடலில் இறங்கி உயிர்விட்ட டென்மார்க் மாலுமியின் பெயர் அதில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே, அடையாற்றின் முகத்துவாரத்தை நோக்கி நடந்தால் ஒன்றையொன்று ஒட்டி இரண்டு மீனவக் குடியிருப்புகள் வரும். ஊரூர் குப்பம் ஒன்று, ஒல்காட் குப்பம் இன்னொன்று. வெளியார் பேச்சில் இரண்டும் சேர்ந்து ஒரே பெயராகிவிட்டன.

நகரம் தூங்கிக்கொண்டிருந்தது, குப்பம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் வந்தது வாசனை. படகு எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய், ஈர வலை, நேற்றைய கருவாடு, யாரோ ஒருவர் கேனில் கொண்டுவந்து ஊற்றும் டீயின் இஞ்சி. ஒன்றை ஒன்று மறைக்காமல் நான்கும் தனித்தனியாக வந்தன. பகலில் வெயிலும் வண்டிப் புகையும் கலந்த பிறகு இப்படிப் பிரித்து முகர முடியாது. அடுத்தது ஓசை. அலை விழும் சத்தத்துக்கு நடுவே மணலில் இழுபடும் கயிறு, பிளாஸ்டிக் பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று அமரும் சத்தம், தூக்கம் கலையாத குரலில் ஒருவர் இன்னொருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. கூச்சல் இல்லை. வீட்டுக்குள் குழந்தைகள் தூங்குகிறார்கள் என்பது எல்லோர் குரலிலும் இருந்தது. ஒளி கடைசியாகத்தான் வந்தது. தலையில் கட்டிய சிறு விளக்குகள் இருட்டில் நகர்ந்தன. அவை திரும்பும் பக்கமெல்லாம் படகின் ஒரு துண்டு தெரிந்து மறைந்தது: நீலப் பட்டை, மஞ்சள் விளிம்பு, ஒரு தெய்வத்தின் பெயர், ஒரு மகளின் பெயர்.

வலைக்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான பெண்மணிதான் முதலில் பேசினார்.

"யாரும்மா அது? இந்நேரத்துல தனியா?"

"தூக்கம் வரல ஆயா. அமெரிக்காவுலேர்ந்து வந்திருக்கேன். உடம்பு இன்னும் அங்கேயே இருக்கு."

"அங்க இப்போ என்னா நேரம்?"

"மத்தியானம். நேத்து மத்தியானம்."

அவர் அதைச் சற்று யோசித்தார். "எங்களுக்கு இதாம்மா நேரம். ஒக்காரு."

உட்கார்ந்தேன். அந்தக் குப்பத்தை நான் பார்க்கத் தொடங்கியது அந்த ஒரு சொல்லிலிருந்துதான்.

படகு கடலில் இறங்குவதை ஒரு தரமாவது நிதானமாகப் பார்க்க வேண்டும். இன்று இக்கரையில் பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான். மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, கரை வந்ததும் அவிழ்த்துக் காயவைக்கும் கட்டுமரம் அருகிவிட்டது. ஃபைபர் படகு கனமானது. அதை நேராகத் தள்ளினால் மணல் பிடித்துக்கொள்ளும். ஆகவே படகின் மூக்கில் கயிறு கட்டி, கயிற்றில் ஒரு கழியை நுழைத்து, ஆட்கள் தோளில் ஏந்துகிறார்கள். மூக்கு தரையைவிட்டு எழும்புகிறது. பின்முனையை மணலில் ஊன்றி வைத்துக்கொண்டு மூக்கைச் சுற்றிக் கொண்டுபோய்க் கடல் பக்கமாக வைக்கிறார்கள். பிறகு பின்முனையை ஏந்தி அதேபோல் சுற்றுகிறார்கள். முன், பின், முன், பின் என்று முழுப் படகும் நடந்தே கடலுக்குப் போகிறது. யாரும் எண்ணிக்கை சொல்வதில்லை. ஒரு மூச்சொலி போதும், அத்தனை தோள்களும் ஒரே கணத்தில் எழுகின்றன. படகு போன வழியில் மணலில் விசிறி விசிறியாக வளைகோடுகள் விழுந்து கிடக்கின்றன. ஒரு விசிறியின் முனையிலிருந்து அடுத்த விசிறி பிறக்கிறது. அலை வந்து தொடும் வரை அவை அப்படியே இருக்கும்.

அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்குக் கியோட்டோ நினைவு வந்தது. அங்கே ரியோஆன்ஜி கோயிலில் வெள்ளைச் சரளைக்கல் பரப்பிய தோட்டம் ஒன்று உண்டு. பதினைந்து கற்கள், எந்த இடத்திலிருந்து பார்த்தாலும் குறைந்தது ஒன்றாவது கண்ணுக்கு மறைந்திருக்கும்படி வைத்திருக்கிறார்கள். சரளையில் துறவிகள் வாரியால் கோடு இழுப்பார்கள். உலகெங்கிலுமிருந்து மனிதர்கள் வந்து திண்ணையில் மணிக்கணக்காக உட்கார்ந்து அந்தக் கோடுகளையே பார்க்கிறார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். அது பார்க்கத் தகுந்ததுதான். அந்தத் திண்ணையில் நாம் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது ஊரூர் மணலுக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். இங்கே கோடு இழுப்பது அழகுக்காக அல்ல. பாரத்தைச் சுமப்பதற்கு உடம்பு கண்டுபிடித்த ஆகக் குறைந்த உழைப்பின் வழி அது. அழகு தானாக வந்து சேர்ந்திருக்கிறது.

தண்ணீரின் விளிம்புக்கு வந்ததும் படகு நிற்கிறது. இங்கே அவசரம் செல்லாது. நிற்பவர்கள் அலையைப் பார்க்கிறார்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சிறிது நேரம் தணியும். அந்த இடைவெளி எப்போது திறக்கும் என்று இருட்டிலும் அவர்களுக்குத் தெரிகிறது. கண்ணால் மட்டும் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பின்வாங்கும் நீர் கணுக்காலை இழுக்கும் விசையிலும் அதைப் படிக்கிறார்கள். திடீரென்று எல்லோரும் தள்ளுகிறார்கள், இருவர் தாவி ஏறுகிறார்கள், எஞ்சினின் வால்தண்டு நீரில் இறங்குகிறது, படகின் மூக்கு ஒரு அலையில் ஏறி அதன் மறுபுறம் இறங்குகிறது. கரையில் நிற்பவர்கள் அது மூன்றாவது அலையைத் தாண்டும் வரை திரும்புவதில்லை. தாண்டியதும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த படகுக்குப் போகிறார்கள்.

அந்த நேரத்துக் காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தது. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் சூட்டை வைத்திருக்கும். ஆகவே விடியுமுன் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும், உச்சிப் பொழுதுக்குப் பிறகு கடலிலிருந்து தரைக்கு வரும். பாய்மரக் காலத்தில் இதை நம்பித்தான் இருட்டில் கிளம்பி வெயிலில் திரும்பினார்கள். எஞ்சின் வந்தும் நேரம் மாறவில்லை. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இவர்களிடம் திசைவாரியாகப் பெயர்கள் உண்டு: வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கே தரையிலிருந்து வீசுவது கச்சான். கடலுக்குள் தெற்கு நோக்கி ஓடும் நீர் வண்ணி வெள்ளம், வடக்கு நோக்கி ஓடுவது தெண்டி வெள்ளம். எந்த வெள்ளத்தில் எந்த மீன் கரைக்கு ஒதுங்கும், எந்த வெள்ளத்தில் வலை சுருண்டுகொள்ளும் என்பதெல்லாம் இங்கே பால்வாடிப் பிள்ளை பருவத்திலிருந்தே காதில் விழும் பேச்சு. நகரத்தில் வாழும் நாம் கடலுக்கு ஒரே ஒரு முகம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் அதிக நேரம் பார்த்தது வலையை. முந்திய மாலை கடலடியில் விரித்துவிட்டு வந்த நண்டு வலைகளை எடுத்துக்கொண்டு முதல் படகுகள் திரும்பத் தொடங்கியிருந்தன. தங்கூசி இழையில் பின்னிய வலை அது. உலர்ந்திருக்கும்போது லேசான பச்சை, நனைந்தால் நிறமே இல்லை. விளக்கை அதன் மேல் பிடித்தால்தான் இருப்பது தெரிகிறது. ஒரு விளிம்பில் மிதவைகள், மறு விளிம்பில் ஈயக் குண்டுகள், கடலடியில் அது ஒரு சுவராக நிற்கும். குவித்த வலையைச் சுற்றி ஆணும் பெண்ணுமாக ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து நண்டைப் பிரித்தெடுக்கிறார்கள்.

இதில்தான் எத்தனை நுணுக்கம்! நண்டு வலையில் சிக்கும்போது திமிறும். திமிறும்போது ஒவ்வொரு காலும் ஒவ்வொரு வலைக்கண்ணுக்குள் நுழைந்து முறுக்கிக்கொள்ளும். இழுத்தால் கால் முறியும், கால் முறிந்த நண்டுக்கு விலை இல்லை. ஆகவே விரல்கள் முதலில் நண்டைத் தொடுவதில்லை, இழையைத் தொடுகின்றன. கடைசியாகச் சிக்கிய கால் எதுவோ அது முதலில் வெளியே வர வேண்டும். நண்டின் போராட்டத்தைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போகிறார்கள். முழங்கை அசைவதில்லை, மணிக்கட்டும் அதிகம் அசைவதில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் போய்வருகின்றன. இடையில் பேச்சு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணம், பள்ளிக்கூடத்துக் கட்டணம், நேற்றுப் பார்த்த தொடர். என் கையில் ஒன்றைக் கொடுத்து "மெதுவா, பின்னங்காலப் புடி" என்றார் ஆயா. கடைசி ஜோடிக் கால்கள் துடுப்பாகத் தட்டையாக இருக்கும்; அங்கே பிடித்தால் கொடுக்கு எட்டாது.

நண்டுகளை முன்பு தட்டில் மசாலாவோடுதான் பார்த்திருக்கிறேன். உயிரோடு, விளக்கின் கீழ், அவை வேறு. நீலக்கால் நண்டின் ஓட்டில் சாம்பல் பச்சையும் வெள்ளைப் புள்ளிகளும் படர்ந்திருக்கின்றன. கால் நுனிக்குப் போகப் போக நீலம் கூடிக்கொண்டே போகிறது. முக்கண் நண்டின் முதுகில் கருஞ்சிவப்பு வட்டங்கள் மூன்று, ஒவ்வொன்றையும் சுற்றி வெண்மையான விளிம்பு. அச்சில் எடுத்த துல்லியம். சிலுவை நண்டின் மேல் பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள், நடுவில் சிலுவைக் குறி. நிலாக்காலத்தில் நண்டில் சதை இருக்காது என்று சொல்கிறார்கள். ஓட்டின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே சதைப்பிடிப்பை அறிகிறார்கள்.

நண்டோடு சேர்ந்து வந்து விழுந்த சின்ன மீன்களில் காரப்பொடியை நான் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும், தட்டையான வெள்ளித் தகடு. விலை மலிவு, பெரும்பாலும் கருவாட்டுக்குப் போகும். அதன் தொண்டைக்குழாயைச் சுற்றி ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதில் ஒளி விடும் நுண்ணுயிர்களை அந்த மீன் வளர்க்கிறது. மங்கிய நீரில் தன் வயிற்றுப் பக்கத்தை ஒளிரச் செய்து, கீழிருந்து பார்க்கும் பகை மீனுக்கு நிழலாகத் தெரியாமல் தப்பிக்கிறது. காரப்பொடிக் குழம்பு ஊற்றிச் சோறு தின்ற எத்தனை தலைமுறை இந்த விளக்கை விழுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் குப்பத்தின் பாதிப் பெயருக்குச் சொந்தக்காரரும் தொலைதூரப் பயணி. கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட் அமெரிக்கர். 1875-இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையாரோடு சேர்ந்து பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1882 டிசம்பரில் இருவரும் அடையாற்றுக்குக் குடிவந்தார்கள். குப்பத்துக்குப் பின்னால் இருட்டில் கறுப்பாக நிற்கும் மரக்கூட்டம் அந்தச் சபையின் தோட்டம்தான். தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்காக 1894-இல் அவர் தொடங்கிய இலவசப் பள்ளியின் தொடர்ச்சி இன்றும் குப்பத்துக்கு அருகிலேயே நடக்கிறது.

இதெல்லாம் இப்பகுதியில் ஓரளவு தெரிந்த செய்தி. கியோட்டோவுக்கும் இந்தக் கரைக்கும் 1888-இலேயே ஒரு வழி திறந்தது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அந்த ஆண்டின் கடைசியில் கியோட்டோவிலிருந்து நொகுச்சி ஜென்ஷிரோ என்ற இளைஞர் அடையாற்றுக்கு வந்தார். சபையின் ஆண்டு மாநாட்டில் பேசினார். மெய்ஜி ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் பௌத்தக் கோயில்கள் இடிபட்டு, துறவிகள் விரட்டப்பட்டு, ஜப்பானியப் பௌத்தம் அடிபட்டுக் கிடந்த காலம். வந்து எங்கள் மக்களிடம் பேசுங்கள் என்று ஒல்காட்டை அழைப்பதற்காகவே அவர் அத்தனை தூரம் வந்திருந்தார். 1889 ஜனவரியில் கொழும்பில் கப்பலேறி, பிப்ரவரி 9 அன்று கோபே துறைமுகத்தில் இறங்கினார் ஒல்காட். கூடவே இலங்கையின் அநகாரிக தர்மபாலா; அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. இறங்கி இரண்டு நாள் கழித்து ஜப்பானின் புதிய அரசியல் சாசனம் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து கியோட்டோ.

794 முதல் 1868 வரை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பேரரசரின் தலைநகராக இருந்த நகரம் அது. ஒல்காட் நுழைந்தபோது அரசவை தோக்கியோவுக்குப் போய் இருபது ஆண்டு ஆகியிருந்தது. பெருமை போய்விட்டது, கோயில்கள் இருந்தன. சியோன்-இன் கோயிலில் பெருங்கூட்டத்தின் முன் ஒல்காட் பேசினார். அந்தக் கோயிலில் 1636-இல் வார்த்த பெரிய மணி தொங்குகிறது; நடந்தால் பறவைக் குரலில் கீச்சிடும் மரத் தரை அங்கே உண்டு, திருட்டுக் காலடியையும் காட்டிக்கொடுக்கும் தரை. சென்னை வெயிலிலிருந்து போன அந்த ஐம்பத்தாறு வயதுக்காரர் நரைத்த தாடியோடு பிப்ரவரிக் குளிரில் ஊர் ஊராகப் போனார். தர்மபாலாவால் குளிரைத் தாங்க முடியவில்லை. கியோட்டோவின் மருத்துவமனை ஒன்றில் படுத்துவிட்டார். அடையாற்றிலிருந்து போன ஒருவருக்குக் கியோட்டோ எப்படி முதலில் தெரிந்திருக்கும் என்று அந்த மணலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். கப்பலில் போனதால் அவர்களுக்கு என் பிரச்சினை இல்லை. கப்பல் கிழக்கே நகர நகரக் கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளிக்கொண்டே போவார்கள். உடம்பும் கூடவே வந்துவிடும். இன்றைக்கு அமெரிக்காவிலிருந்து கியோட்டோவில் இறங்குகிறவர் நான்கு மணிக்கு விழித்துக்கொள்கிறார். கியோமிசு கோயில் காலை 6 மணிக்கே திறந்துவிடுவது அவருக்கு எவ்வளவு ஆறுதல்!

வானம் கிழக்கே சாம்பலாக வெளுத்தபோது ஆற்று முகத்துவாரத்தை நோக்கி நடந்தேன். எதிரே ஏழெட்டு இளைஞர்கள் வந்தார்கள், பாதி பேர் கல்லூரி மாணவர்கள். ஒருவர் கையில் துணிப்பை, அதை அவர் ஆட்டாமல் ஏந்தி வந்தார். ஆமை முட்டைகள். பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து இக்கரையில் முட்டையிட வருகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் இரவெல்லாம் நடந்து கூடுகளைத் தேடிக் காப்பகத்தில் சேர்க்கும் மாணவர் அமைப்பு 1988 முதல் இயங்குகிறது. விளக்கில்லாமல்தான் நடக்கிறார்கள், வெளிச்சம் ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும். ஆமை வந்துபோன தடத்தை ஒரு பெண் எனக்குக் காட்டினார். இடது துடுப்பின் வீச்சும் வலது துடுப்பின் வீச்சும் மாறி மாறி விழுந்திருந்தன, நடுவில் வயிற்றோடு இழுத்த தடம். ஏறிய தடமும் இறங்கிய தடமும் தனித்தனி. ஏறும்போது கோடு நேராகப் போகிறது. முட்டையிட்ட பிறகு இறங்கும்போது சற்று வளைகிறது. களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், ஏழு வாரம் போலப் பொறுத்தால் பொரியும். மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்.

முகத்துவாரத்தில் உடைந்த பாலம் நிற்கிறது. 1967-இல் கட்டி, பத்தே ஆண்டில், 1977-இல் ஆற்றுவெள்ளம் இடித்துப்போட்ட பாலம். மாலைகளில் ஜோடிகளும் படப்பிடிப்புக் குழுக்களும் அங்கே போவார்கள். விடியற்காலையில் அது கொக்குகளுக்குச் சொந்தம். ஆறு கடலைச் சேரும் வாய் நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை. மணல் திட்டு வளர்ந்து வாயை அடைக்கும், மழைக்கால வெள்ளம் வந்து பிளக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் வடக்கே நகர வேண்டிய மணல் தடைபட்டு மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் எல்லோருக்கும் தெரியும். அதே மணல்தான் இங்கேயும் ஓயாமல் இடம் மாறுகிறது. ஈர மணலில் சிறு நண்டுகள் கடுகு கடுகாக மண் உருண்டைகளை உருட்டித் தங்கள் வளையைச் சுற்றிக் கதிர் கதிராக அடுக்கியிருந்தன. மணலை வாயில் போட்டு அதிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்றுவிட்டு மிச்சத்தை உருட்டி வைக்கின்றன. ஒவ்வொரு ஏற்றத்திலும் அழிந்து ஒவ்வொரு வற்றத்திலும் மறுபடி அடுக்கப்படுவது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் சூரியன் எழுந்ததை நான் கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது குப்பம் பகலுக்கு மாறியிருந்தது. சீருடைப் பிள்ளைகள், தண்ணீர்க் குடங்கள், கோலம். இந்த வீடுகளுக்குள் 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. அதைப் பற்றி நானாக யாரையும் கேட்கவில்லை. ஓர் அண்ணன் படகைக் கழுவிக்கொண்டே தானாகச் சொன்னார்: "கடலு வந்துச்சு, போச்சு. அதுமேல கோவம் கெடையாதும்மா. எங்க மணலத்தான் யாராவது எடுத்துடுவாங்களோன்னு பயமா இருக்கு." அவர் கையால் காட்டிய இடம் வெளியாருக்குக் காலி மணல். அவருக்கு அது படகு நிறுத்துமிடம், வலை உலர்த்துமிடம், கருவாடு காயுமிடம், திருவிழாக் கூடுமிடம். வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரிகிற இந்தப் பொது நிலங்களை மீனவர்களே ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து அளந்து தங்கள் வரைபடத்தைத் தாங்களே உருவாக்கியிருக்கிறார்கள். அந்த வேலையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். வலைக்கண்ணை அளந்த அதே கை, அதே பொறுமை.

2015-இல் இங்கே தொடங்கிய ஊரூர் ஒல்காட் குப்பம் விழாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சமூகச் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களும் சேர்ந்து நடத்திய விழா. கர்னாடக இசையும் பரதமும் கூத்தும் ஒரே மேடையில். சபாக்களிலிருந்து கடற்கரைக்கு இசை வந்தது என்றுதான் பலரும் எழுதினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் வந்து மணலில் உட்கார்ந்தவர்கள், ஒரு கமகத்தின் வளைவை அடையாளம் கண்டு தலையாட்டப் பழகியவர்கள். அந்தக் காதும் கண்ணும் இந்த ஊருக்குள் வந்தன என்பதே பெரிய விஷயம். நண்டின் காலை விடுவிக்கும் விரலையும் அலையிடுக்கைக் கணிக்கும் கணுக்காலையும் அதே தேர்ச்சியோடு ரசிக்க அவர்களால் முடியும்; ரசிக்க வேண்டும்.

ஏழு மணிக்கு ஏலம் சூடு பிடித்திருந்தது. மீனைக் கடலிலிருந்து கொண்டுவருவது ஆண்கள், அதைப் பணமாக்குவது பெண்கள். ஏலம் விடுகிற அம்மா குவியலை ஒரு பார்வை பார்த்து ஒரு தொகை சொன்னார். சுற்றி நின்ற வியாபாரிகளில் ஒருவர் புருவத்தை உயர்த்தினார், இன்னொருவர் கூடையைக் காலால் லேசாகத் தள்ளினார். இரண்டும் விலை கேட்பதுதான் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. சங்கராவின் சிவப்பும் காணாங்கெளுத்தியின் முதுகில் ஓடும் நீலப்பச்சையும் நிமிடத்துக்கு நிமிடம் மங்குகின்றன. கடலைவிட்டு வந்த மீனின் நிறம் காத்திருக்காது. அந்த அம்மா அவசரப்படுவது வெறும் வியாபாரத்துக்காக இல்லை என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது. குவியல் கைமாறியதும் ஐஸ் தட்டி மேலே போட்டார்கள்.

நான் கிழங்கான் கேட்டேன். சோகை பிடித்த மணலின் நிறத்தில், ஒல்லியாக, முள் குறைந்த மீன். ஆயாவின் மகள் அரிவாள்மனையைச் சாய்த்து உட்கார்ந்து, செதிலைச் சீவி, செவுளைக் கிள்ளி, வயிற்றை ஒரே கீறில் திறந்து கழுவிக் கொடுத்தார். மீனை அவர் அரிவாள்மனைக்குக் கொண்டுபோனாரே தவிர அரிவாள்மனை ஒரு நூல்கூட அசையவில்லை.

"வறுக்காத பாப்பா, கொழம்பு வையி. மாங்கா இருந்தாப் போடு" என்றார்.

"நெத்திலி இல்லையா அக்கா?"

ஆயாதான் பதில் சொன்னார். கடலைப் பார்க்கக்கூட இல்லை, கையிலிருந்த வலையில் கிழிந்த கண்ணை ஊசியால் கோத்துக்கொண்டிருந்தார். "வண்ணி இன்னும் ஓடுதும்மா. நாலஞ்சு நாளா அது தளருது. தெண்டி திரும்பட்டும், தண்ணி தெளியட்டும். அப்போ வா, நெத்திலி எடுத்து வெக்கிறேன். ஆனா இதே நேரத்துக்கு வரணும். எட்டு மணிக்கு வந்தீன்னா மிச்சந்தான் கெடைக்கும்."